பேயில்லாத பயம்

கடலூருக்குச் செல்லும் பயணிகள் வண்டிக்காக மேல்பட்டாம்பாக்கம் இரயில் நிலையத்தில் காத்திருந்தேன். வண்டி தாமதம். நடைமேடையில் வேப்பமர நிழலைத் தேடிக்கொண்டிருந்த என்னைக் கண்டு, பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு தாய் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு விரைந்து வந்தார்.

"தோத்திரம் சாமி. வீட்டுக்கு ஒருமுறை வந்து செபம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பெண் மூன்று இரவாகத் தூங்கவில்லை."

பெண் படித்தவள், வேலைக்குப் போகிறவள். பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த இடத்தில் அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வரும் ஞாயிறு முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் பிள்ளை விளக்கை அணைக்க விடாமல் விழித்துக் கிடந்தால் எந்தத் தாய்தான் கலங்கமாட்டாள்?

"எதையாவது கண்டு பயந்தாளா?" என்றேன்.

"கைப்பேசியில் ஏதோ படம் பார்த்தாள் சாமி. அதிலிருந்துதான்."

"பேய்ப் படமா?"

"அதுதானே எனக்கும் புரியவில்லை. பேயே இல்லாத படமாம்!"

அன்று மாலையே போனேன். (இதில் வருகிறவர்கள் சம்மதித்த பின்னரே, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை மாற்றி இதை எழுதுகிறேன்.) செபம் முடிந்தபின் அந்தப் பெண் சொன்ன சொற்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன: "பேய் என்றால் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவேன் ஃபாதர். இது மனிதன். சிரித்துப் பேசுகிறான், மனைவிக்குக் காப்பி போட்டுத் தருகிறான். அவன் யாரென்று அவளுக்கு மட்டும் தெரியவில்லை. படம் முடிந்துவிட்டது; எனக்கு முடியவில்லை."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அத்தகைய படங்கள் இன்று மாதத்திற்கு நாலைந்து வருகின்றன. ஆனால் பேய்ப் படத்தையும் கொலைப் படத்தையும் மறந்துவிட்டு உறங்குகிற மனிதர்கள், மனத்தைப் பற்றிய திகில் படத்தை மட்டும் படுக்கைக்கு எடுத்துச் சென்றுவிடுவது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. என் இளமையில் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து பார்த்த சில படங்களை மறுபடி நினைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

அச்சங்களில் எளிய அச்சம் ஒன்று உண்டு. வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் 1964-இல் எடுத்த 'பொம்மை' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. அது கை மாறிக் கை மாறிப் போகிறது. வாங்குகிறவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறோம். மேசைக்கடியில் குண்டு இருப்பதை முன்னதாகவே பார்வையாளருக்குச் சொல்லிவிடு என்பது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் என்ற ஆங்கில இயக்குநர் கற்பித்த பாடம். திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. தெரிந்துகொண்டு காத்திருந்தால் பல நிமிடத் தவிப்பு. எனினும் இந்தத் தவிப்பு குண்டோடு தீர்ந்துவிடுகிறது. வெடித்தாலும் தீரும், வெடிக்காமற் போனாலும் தீரும். வீட்டுக்கு வந்து எந்தப் பிள்ளையும் தன் பொம்மையைக் கிழித்துப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதே பாலசந்தர் பத்தாண்டுகளுக்கு முன், 1954-இல், ஏவி.எம். நிறுவனத்திற்காக இயக்கிய 'அந்த நாள்' வேறு வகை. ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய 1943 அக்டோபர் நாட்களில் கதை நடக்கிறது. படம் தொடங்கிய உடனேயே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். நாயகன் சிவாஜி கணேசன்! அவர் முதற் காட்சியிலேயே சாவதைக் காணவா காசு கொடுத்து வந்தோம் என்று அன்றைய மக்கள் திகைத்திருப்பார்கள். துப்பறியும் அதிகாரியாக வருகிறவர், படத்தின் திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமன். அவர் அண்டை வீட்டாரை, தம்பியை, தம்பி மனைவியை, நாட்டியக்காரியை, மனைவியை என ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் இறந்தவனின் வேறு வேறு முகம் வெளிப்படுகிறது. வானொலிப் பொறியாளன், அறிவாளி, வேலை கிடைக்காமல் மனம் கசந்தவன், எதிரிக்குத் தகவல் விற்றவன், மனைவிக்குத் துரோகம் செய்தவன். எல்லாம் ஒரே வீட்டில் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய ஒரே மனிதன்.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்க. எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டபடியால் முடிவைச் சொல்வதில் குற்றமில்லை என்று கருதுகிறேன். அவனைக் கொன்ற குண்டு மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து வந்தது. பண்டரிபாய் ஏற்ற அந்தப் பாத்திரம் நாட்டுப்பற்று மிக்கவள். கணவனை நேசித்தவள். கொலைகாரியைத் தேடிச் சென்ற நாம் கண்டடைவது வீட்டிலேயே மிகவும் நல்ல மனத்தை.

அந்தப் படத்தில் பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டைக்காட்சி இல்லை என்பதைப் பலரும் புதுமை என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். நம் படங்களில் பாட்டு என்பது கதவு. மனம் கனக்கும்போது அந்தக் கதவைத் திறந்து பார்வையாளன் வெளியே போய் மூச்சு வாங்கிக்கொள்வான்; சோடா குடிப்பான்; அழுத பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பான். 'அந்த நாள்' அந்தக் கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் நம்மை வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்களை ஒருவர் ஒருவராகப் பார்க்கச் சொல்கிறது. படம் முதலில் வெளிவந்தபோது மக்கள் முணுமுணுத்ததற்கு அதுவும் காரணமாயிருக்கும்.

இனி நான் சொல்ல விரும்பும் படத்துக்கு வருகிறேன். 'புதிய பறவை'. 1964 செப்டம்பரில் வெளிவந்தது. தாதா மிராசி இயக்கியது. சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு; வண்ணப் படம். முந்திய ஆண்டு வந்த ஒரு வங்காளப் படத்தைத் தழுவியது. அதற்கும் மூலம் ஓர் ஆங்கிலப் படம். சரோஜாதேவி "கோபால்" என்று கொஞ்சி அழைப்பதை இன்றும் பலகுரல் மன்னர்கள் மேடையில் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தக் கேலி மிகுந்துவிட்டதால், அது எவ்வளவு கடுமையான படம் என்பதே மறந்துபோய்விட்டது.

பத்து வயதிருக்கும் எனக்கு. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்து பார்த்தேன். ஒரே இயந்திரமாதலால் ஒவ்வொரு சுருள் முடிந்தபோதும் விளக்கு எரியும். செல்வந்தனான கோபால் கப்பலில் லதா என்ற பெண்ணைச் சந்திக்கிறான், அன்பு வளர்கிறது. மனிதன் நல்லவன், பண்புள்ளவன். ஆனால் இரயில் ஓடும் ஓசை கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். ஏனென்று கேட்கும் லதாவிடம் அவன் சொல்கிறான்: சிங்கப்பூரில் பாடகியாயிருந்த சித்ராவை மணந்தேன், இல்வாழ்வு நரகமாயிற்று, அவள் இரயிலில் விழுந்து இறந்தாள். கொட்டகை முழுவதும் அவனுக்காக இரங்கியது. பிறகு லதாவோடு திருமணம் கூடிவரும் வேளையில், விருந்தினர் நடுவே ஒரு பெண் வந்து நிற்கிறாள்: "நான்தான் சித்ரா." கூடவே, மாமன் என்று சொல்லிக்கொண்டு எம்.ஆர்.ராதா.

இவள் சித்ரா இல்லை என்று கோபால் கதறுகிறான். யாரும் நம்பவில்லை. சித்ராவாகவும், சித்ரா என்று சொல்லிக்கொண்டு வந்தவளாகவும் சௌகார் ஜானகியே நடித்திருப்பதால் நாமும் தடுமாறுகிறோம். அந்தப் பெண் பொய்க்காரி, எப்படியாவது இவன் அதை நிரூபிக்கவேண்டும் என்று மணல்மேட்டில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் வேறு வழியின்றி அவனே உண்மையை உடைக்கிறான். இவள் சித்ராவாக இருக்க முடியாது. ஏனெனில் சித்ராவை அடித்தது என் கை. இதய நோயாளியான அவள் அந்த ஓர் அறையில் இறந்துபோனாள். குடும்ப மானத்துக்கு அஞ்சி உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியவன் நான்தான். இதற்காகவே காத்திருந்தார்கள் சுற்றியிருந்த அனைவரும். மாமன், லதாவின் தந்தை, வந்த பெண், ஏன், லதாவுமே காவல் துறையைச் சேர்ந்தவர்கள்!

அந்த இடத்தில் கொட்டகையில் எழுந்த ஓசை மகிழ்ச்சி அன்று. குற்றவாளி பிடிபட்டான், நீதி வென்றது என்று யாரும் கை தட்டவில்லை. எனக்கு முன்னாலிருந்த ஒரு பெரியவர், "சொல்லாதிருந்திருக்கலாமே" என்று வாய்விட்டுப் புலம்பினார். ஒன்றரை மணி நேரமாக நாங்கள் எல்லோருமே ஒரு பிணத்தை மறைப்பதற்கு உடந்தையாக இருந்திருக்கிறோம்! அன்றிரவு எங்கள் வீட்டுக்குக் கேட்கும் தொலைவில் இரயில் ஒன்று போயிற்று. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நான் பயந்தது கோபாலுக்கா? இல்லை. அந்த வாரம் நான் உடைத்துவிட்டு, தம்பிமேல் பழி போட்டிருந்த ஒரு கண்ணாடிக் குவளை நினைவுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். அற்பச் செய்திதான், ஆனால் அந்தப் படம் போய்த் தொட்ட இடம் அது.

இத்தகைய படங்களின் மருமம் இதுவே என்று எண்ணுகிறேன். வெளியே ஒரு கொடியவனைக் காட்டி, "இவனுக்கு அஞ்சு" என்று சொல்லும் படம் கொட்டகையோடு நின்றுவிடும். மறைக்கிறவனின் பக்கத்தில் நம்மை உட்காரவைத்து, அவன் தப்பிக்கவேண்டுமென்று நம்மையே ஏங்கவைக்கும் படம் நம்மோடு வீட்டுக்கு வரும்.

ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' என்ற படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குளியலறைக் கொலையைப் பற்றியே பேசுவார்கள். ஏழு நாட்கள் படமாக்கப்பட்ட காட்சி அது, 78 கோணங்கள், திரையில் சில விநாடிகளே கத்தி வீசப்படுகிறது. இரத்தத்திற்குச் சாக்லேட் பாகு. பின்னணியில் வெறும் தந்தி வாத்தியங்கள் கிறீச்சிடும். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பின் வருவது. விடுதி நடத்தும் அந்தக் கூச்சமுள்ள இளைஞன், தாய் செய்த கொலையென்று தான் கருதுவதை மறைக்க, பிணத்தைக் காருக்குள் வைத்துச் சதுப்பு நிலத்தில் தள்ளுகிறான். கார் மெல்ல மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு கணம், "ஐயோ, மூழ்கவில்லையே" என்று நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூழ்கியதும் பெருமூச்சு விடுகிறோம். சற்று முன்வரை நாம் யாருக்காகக் கவலைப்பட்டோமோ, அந்தப் பெண்ணின் உடல் அல்லவா உள்ளே இருக்கிறது! நம்மை இவ்வளவு எளிதாகக் கட்சி மாற்றிவிட முடியுமா? முடியும் என்று காட்டிவிட்டுப் போகிறார் அந்த மனிதர்.

ஹிட்ச்காக் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, இலண்டனில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தவர். அவர் 1953-இல் எடுத்த 'ஐ கன்ஃபெஸ்' என்ற படத்தை எங்களைப் போன்றவர்கள் அமைதியாகப் பார்க்க முடியாது. கனடா நாட்டின் கியூபெக் நகரில், குருவின் இல்லத்தில் வேலை செய்யும் ஒருவன், நம் ஊர்க் கோயிற்பிள்ளை போன்றவன், குருவின் அங்கியை அணிந்து சென்று ஒரு வழக்கறிஞரைக் கொன்றுவிடுகிறான். அன்றிரவே அதே குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். பழி குருவின்மேலேயே விழுகிறது. வாய் திறந்தால் உயிர் தப்பலாம், திறக்க முடியாது. கத்தோலிக்கரல்லாத பார்வையாளர்களுக்கு இந்தக் கட்டு விளங்கவில்லை என்று பிற்காலத்தில் ஹிட்ச்காக் வருந்தினாராம். குருமடத்தில் அந்தப் படத்தைப் பார்த்த மாணவர் நாங்களோ அன்றிரவு உணவு மேசையில் பேச்சின்றி அமர்ந்திருந்தோம். பரிமாறிய சமையற்காரர், "என்ன, குழம்பில் உப்பில்லையா?" என்று கேட்டார்.

தமிழில் பின்னர் இரண்டு படங்கள் பேர்பெற்றன. கிராமத்துக் கதைகளால் புகழடைந்த பாரதிராஜா 1978-இல் 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தார். கமல்ஹாசன் ஏற்ற தொழிலதிபன் பெண்களை அழைத்துவந்து கொல்கிறவன். தோட்டத்தில் புதைத்த இடத்தில் ரோஜாச் செடி பூக்கிறது. விவரமறியாத ஒரு நல்ல பெண், ஸ்ரீதேவி, அவனை மணந்துகொண்டு அந்த வீட்டுக்குள் காலடி வைக்கிறாள். புதுப்பெண் ஒருத்தி அந்தப் பெரிய வீட்டின் பூட்டிய அறைமுன் நிற்கும்போது நமக்கு ஏற்படும் நடுக்கம், மணமாகிப் புகுந்த வீடு சென்ற எந்தப் பெண்ணுக்கும் ஓரளவு தெரிந்ததே. 1980-இல் பாலுமகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. இளையராஜா இசையமைத்த நூறாவது படம் அது. பிரதாப் போத்தன் ஏற்ற சந்துரு, ஒரு பெண்ணை உதகைக்குக் கடத்திச் சென்று அடைத்து வைத்துக்கொண்டு, கித்தார் வாசித்து அவளுக்குப் பாட்டுப் பாடுகிறான். அவனிடம் குழந்தையின் ஏக்கமும் கொலைகாரனின் கையும் ஒன்றாயிருக்கின்றன. அடைபட்ட பெண்ணாக நடித்த ஷோபா, படம் திரைக்கு வருமுன்னரே அவ்வாண்டு மே மாதம் மறைந்துவிட்டார் என்பது அறிந்தவர்களுக்கு இன்னும் ஒரு பாரம்.

இரண்டும் திறமையான படங்களே. ஆயினும் இவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஏன் இவன் கொல்கிறான் என்று கேட்டால் இரண்டு படங்களும் அவன் இளமையைக் காட்டி, அங்கே தவறிய ஒரு பெண்ணைக் காட்டுகின்றன. ஏமாற்றியவள், மயக்கியவள், தாயின் வாழ்வைக் கெடுத்தவள். கொலைக்குப் பெண்ணே காரணம் என்பதுபோல ஒரு கணக்கு முடிகிறது. 'மூடுபனி'யில் தந்தையின் கொடுமையும் சொல்லப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் கத்தி பாய்வது தந்தையர்மேல் அன்று. "ஒழுக்கங்கெட்டவள்தானே" என்று பார்வையாளன் ஆறுதலடையக் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறார்கள். அப்படி ஆறுதல் கொடுக்கும் இடத்திலெல்லாம் திகிலும் மட்டமாகிவிடுகிறது. 'புதிய பறவை' எனக்கு அந்த ஆறுதலைக் கொடுக்கவில்லை.

இன்னொரு தீங்கு இதைவிடப் பெரிது. மனநோய் என்றால் கொலைவெறி என்ற எண்ணத்தை இப்படங்கள் மூன்று தலைமுறையாக நம் மனத்தில் ஊன்றிவிட்டன. மருத்துவர்கள் சொல்வது வேறு. மனநோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுகிறவர்களே அவர்கள்தாம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள், கொட்டகை தீப்பற்றியபோது ஓட முடியாமல் கருகி மாண்டார்கள். 28 பேர். அவர்களைக் கட்டி வைத்தவர்களின் நெஞ்சில் இருந்ததும் பயம்தான். அதன்பின் எத்தனையோ விசாரணை நடந்து, 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்தது. ஆனால் சட்டம் சங்கிலியைத்தான் தடை செய்ய முடியும். வாயை என்ன செய்யும்? "அந்த வீட்டில் ஒரு பைத்தியம் இருக்கிறதாம்" என்ற ஒரு சொல்லால் பெண்ணெடுப்பதும் கொடுப்பதும் நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்த வகையில் 1993-இல் ஃபாசில் மலையாளத்தில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' எவ்வளவோ மேல். தமிழில் 2005-இல் 'சந்திரமுகி'யாக வந்து எல்லோரும் பார்த்த கதைதான். அதில் கங்கா என்ற இளம் மனைவி தன்னை மறந்து வேறொருத்தியாகிறாள். ஷோபனா அதில் நடித்துத் தேசிய விருது பெற்றார். மருத்துவம் காட்டியிருக்கும் விதம் கதைக்காகக் கட்டியதே. எந்த மனநல மருத்துவரும் அப்படிச் சிகிச்சை செய்வதில்லை. ஆனால் ஒன்று உண்டு: அந்தக் கங்காவை யாரும் வெறுக்கவில்லை. கணவன் விலகவில்லை. நோயாளி நம் வீட்டுப் பெண்ணாகவே இறுதிவரை இருக்கிறாள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் திரும்புவோம். அவள் அம்மா காப்பி கலக்க அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து, "ஃபாதர், படம் மட்டும் இல்லை" என்றாள் மெல்ல.

பத்து நாட்களுக்கு முன், மணப்புடவை எடுக்க இரு வீட்டாரும் சேர்ந்து கடலூர் போயிருக்கிறார்கள். மதியம் உணவு விடுதியில் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றை விழுங்கிவிட்டு அவசரமாகத் திருப்பி வைத்திருக்கிறார். "என்ன மாத்திரை?" "சத்து மாத்திரைதான்" என்று சிரித்திருக்கிறார். அட்டையில் இருந்த பெயர் அவள் கண்ணில் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து. அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் படம். கணவன் சிரித்துக்கொண்டே காப்பி போட்டுத் தரும் படம்.

பழைய படங்களையெல்லாம் புரட்டி நான் தேடிக்கொண்டிருந்த விடை அந்த வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. மாத்திரை அவளைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு சிறு பொய்தான் செய்தது. படம் அந்தப் பொய்க்கு ஒரு முகத்தை ஒட்டிக் காட்டிவிட்டது. அதுவும் தவறான முகம்.

முதல் ஓலையை நிறுத்தி வைத்தேன். கடுமையான ஒன்றை மறைத்து வஞ்சகமாகச் சம்மதம் பெறுவது திருமணத்தையே செல்லாததாக்கக்கூடும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. நான் அதை மாப்பிள்ளையின் தந்தையிடம் எடுத்துரைத்தேன். அவர் கோபப்படவில்லை. தலை குனிந்து, "சொன்னால் எந்தப் பெண் கிடைக்கும் சாமி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஊரை அறிந்தவன்தானே நானும்.

அடுத்த சனிக்கிழமை மாலை இருவரையும் என் இல்லத்துக்கு வரச் சொன்னேன். பெற்றோர் நால்வரும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார்கள். நான் உள்ளறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை என்பதை ஒளிப்பானேன்? கரும்பேற்றிய வண்டி ஒன்று நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் போகும் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்டது. பிறகு அந்த இளைஞன் பேசினான். 2021-இல் கொரோனாவில் அண்ணனை இழந்தது. அதன்பின் எட்டு மாதம் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. உடன் படித்தவன் ஒருவன் மருத்துவரிடம் இழுத்துச் சென்றது. மருந்தின் அளவு இப்போது பாதியாகக் குறைந்திருப்பது. இன்னும் ஓராண்டாவது சாப்பிடவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பது. "உங்களிடம் சொல்லவேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் பயந்தேன். அன்றைக்குச் சத்து மாத்திரை என்று சொன்னேனே, அதிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடவும் கூடும் என்று நினைத்தேன். அவள் சிறிது நேரம் சேலைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டுமா, பின்னாலா?" என்று கேட்டாள்.